அட்டை எழுதிய கை

கவிதை நூல் ஒன்று. எழுதியவர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன்; அமெரிக்கக் கறுப்பின மக்களின் புகழ்பெற்ற கவிஞர். அந்த நூலை நூலகத்தில் எந்த அடுக்கில் வைப்பார்கள்? கவிதை அடுக்கில் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆனால் 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் அத்தகைய நூல் 325 என்ற எண்ணின் கீழ்க் கிடந்தது. 325 என்பது குடியேற்றத்துக்கு உரிய எண். அதற்கு அடுத்த 326 அடிமை முறைக்கு உரியது. கறுப்பர் எழுதியதா, கறுப்பரைப் பற்றியதா, அப்படியானால் அது கவிதையாயினும் வரலாறாயினும் இவ்விரு எண்களுள் ஒன்றில் அடைபட வேண்டும். கப்பலில் அடைத்துக் கொண்டுவந்தவர்கள் அடுக்கிலும் அடைத்தார்கள்!

இதைக் கண்டு பொறுக்காத ஒருவர் டோரதி போர்ட்டர். 1905இல் பிறந்த அவ்வம்மையார் 1930இல் வாசிங்டன் நகரத்து ஹோவார்டு பல்கலைக்கழகத்தின் கறுப்பினத் தொகுப்புக்குப் பொறுப்பேற்றார். 1914இல் ஜெசி மூர்லண்ட் என்பார் கொடையாகத் தந்த ஏறத்தாழ மூவாயிரம் ஏடுகளே அத்தொகுப்பின் அடித்தளம். போர்ட்டர் நூலைப் புரட்டினார், எதைப் பற்றியது என்று பார்த்தார், பார்த்ததை எழுதினார். கவிதை கவிதைக்குப் போயிற்று; வரலாறு வரலாற்றுக்குப் போயிற்று. 1973இல் ஓய்வு பெறும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் செய்த பணி இது.

நூலுக்குப் பெயர் சூட்டுவதில் இரு வழிகள் உண்டு என்பதை இந்த நிகழ்ச்சி நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. ஒன்று, துறையைக் கற்றுத் தேர்ந்தவர் நூலைப் படித்து, அதன் உள்ளடக்கத்தைச் சொல்லும் சொற்களைத் தாமே தேர்ந்து தருவது. இவற்றைத் திறவுச்சொற்கள் என்போம். மற்றொன்று, முன்னரே யாரோ வகுத்து அச்சிட்டு வைத்த பட்டியலைத் திறந்து, அதிலுள்ள தலைப்புகளுள் ஒன்றை எடுத்து நூலின் மேல் ஒட்டுவது; இவற்றைப் பொருள் தலைப்புகள் என்பர் நூலகத்தார். இரண்டில் எது சிறந்தது என்ற வழக்கு நூலகத்தாரிடையே நெடுநாளாக நடந்து வருகிறது. அது அவர்கள் வீட்டு வழக்கு, நமக்கென்ன என்று இளைஞர் சிலர் நினைக்கக்கூடும். தேடுகிறவன் கைக்கு நூல் எட்டுமா எட்டாதா என்பதைத் தீர்மானிக்கும் வழக்கு யாருடைய வீட்டு வழக்கு?

பட்டியல்களுள் பெரியது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புப் பட்டியல். (நம் ஊர்க் கதர்க் காங்கிரஸ் அல்ல, அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்கு அப்பெயர்.) 1898இல் தொடங்கி, 1909க்கும் 1914க்கும் இடையே பகுதி பகுதியாக அச்சேறி, இன்று உலகெங்கும் பல்கலைக்கழக நூலகங்களில் வழங்குவது. அதற்கு முன்னோடியாக நெறி வகுத்தவர் சார்லஸ் கட்டர். 1876இல் அவர் வெளியிட்ட விதிகளில் அடிப்படையானது, பொதுமக்கள் ஒரு பொருளை எப்பெயரால் தேடுகிறார்களோ அப்பெயரையே தலைப்பாக்க வேண்டும் என்பது. நல்ல விதி. மக்கள் பக்கம் நிற்கும் விதி போலவும் தோன்றுகிறது. ஆனால் எந்த மக்கள்? பாஸ்டன் நகரத்து வெள்ளைக்காரக் கனவான் ஒருவர் நீக்ரோ என்று தேடினார் என்பதற்காக, ஹார்லெம் தெருவில் வாழும் கறுப்பரும் தம்மை அப்பெயரால்தான் தேடிக்கொள்ள வேண்டுமா? வேண்டும் என்றே பட்டியல் நெடுநாள் விடையளித்தது. 1976இல்தான் அந்தத் தலைப்பு மாறியது. பிறகு 2000இல் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்ற இன்றைய வடிவம் வந்தது.

தலைப்புப் பட்டியலுக்குத் துணையாக நிற்பது பகுப்பு எண் முறை. மெல்வில் டியூயி என்பவர் 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு பலரும் அறிந்தது. அறிவுலகம் முழுவதையும் பத்தாகப் பிரித்தார் டியூயி. அதில் 200 என்பது சமயத்துக்கு. அந்த நூறு எண்களுள் விவிலியத்துக்கும் கிறித்தவத்துக்கும் 220 தொடங்கி 289 வரை. உலகத்து ஏனைய சமயங்கள் அத்தனையும் 290 என்ற ஒரே கொட்டடியில்! புத்தருக்கு 294.3, இந்து சமயத்துக்கு 294.5, இசுலாத்துக்கு 297. மற்ற மதக்காரர்கள் தங்களுக்கு இடம் போதவில்லை என்று வருந்தட்டும். அது அவர்கள் கவலை. நம் கவலை வேறு. பகுத்தறிவு இயக்கத்து நூல்களுக்கு எண் 211.4. கடவுள் மறுப்புக்கு 211.8. அதாவது, சமயம் என்ற வீட்டுக்குள்ளேயே, கடவுள் பற்றிய கொள்கைகள் என்ற அறையில், ஒரு மூலையில் நமக்குப் பாய் விரித்திருக்கிறார்கள். காங்கிரஸ் நூலகத்தின் எண் முறையும் இதே வேலையைத்தான் செய்கிறது. சமயங்கள், புராணங்கள், பகுத்தறிவியம் மூன்றும் அங்கே ஒரே பிரிவு. கடவுள் இல்லை என்று சொல்பவனுக்கும் கோயில் பிரகாரத்தில்தான் திண்ணை! மெய்யியலில் வைத்திருக்கலாம்; சமூகவியலில் வைத்திருக்கலாம். துறை வல்லவர் ஒருவரைக் கேட்டிருந்தால், மறுப்பை மறுக்கப்பட்டதன் கிளையாக எழுதியிருக்க மாட்டார்.

இலக்கியத்திலும் அதே கணக்கு. அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, செருமானியத்துக்கு 830 என்று இலத்தீன், கிரேக்கம் வரை ஆளுக்கொரு மாளிகை. மற்ற மொழிகள் எல்லாம் 890இல் குடித்தனம். ஈராயிரம் ஆண்டு இலக்கியம் கொண்ட தமிழின் எண் 894.811. அந்தப் புள்ளிக்குப் பின் வரும் எண்களில் நம் இருப்பை உலகம் எவ்வளவு தொலைவில் வைத்தது என்பது தெரிகிறது. டியூயியின் தனி வாழ்வும் நினைவுகூரத் தக்கது. அவர் நடத்திய மனமகிழ் மன்றத்தில் யூதருக்கு இடமில்லை. யூதத் தலைவர்கள் முறையிட்டதைத் தொடர்ந்து 1905இல் நியூயார்க் மாநில நூலகர் பதவியிலிருந்து விலகினார். 2019இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கம் ஒன்றிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. ஆளின் குணத்தை வைத்து எண்ணின் குணத்தை அளக்க வேண்டாம் என்பார்கள். சரி, அளக்க வேண்டாம். எண்ணையே அளந்துதான் மேலே காட்டியிருக்கிறோம்.

அயலார் செய்த பிழையை மட்டும் சுட்டிவிட்டு நகர்வது நேர்மையாகாது. சீர்காழியில் 1892இல் பிறந்து, கணிதப் பேராசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, உலகப் புகழ் பெற்ற எஸ். ஆர். அரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அருமையான முறை, நாம் குறைத்துச் சொல்லவில்லை. முன்கூட்டி அடைத்த பெட்டிகளுக்குப் பதிலாக, பொருளைக் கூறு கூறாகப் பிரித்துத் தேவைக்கேற்பச் சேர்த்துக் கட்டும் வழியைத் தந்தவர் அவர். தமிழுக்கு அவர் தந்த எண் 31; இரண்டே இலக்கம், டியூயி தராத மதிப்பு. எனினும் சமயப் பிரிவைத் திறந்து பாருங்கள். முதல் எண் வேத சமயத்துக்கு. அடுத்தது இந்து சமயம். சமணமும் பௌத்தமும் பிறகு. கிறித்தவம் ஆறாவது, இசுலாம் ஏழாவது. டியூயியின் வீட்டில் விவிலியம் கூடத்தில் அமர்ந்திருந்தது; அரங்கநாதனின் வீட்டில் வேதம் அமர்ந்திருக்கிறது. பட்டியல் எழுதும் கை எந்த வீட்டில் உண்டு வளர்ந்ததோ, அந்த வீட்டுப் பந்தி வரிசை பட்டியலிலும் வந்துவிடுகிறது. பகை கொண்டு எழுதியதன்று. பழக்கம் கொண்டு எழுதியது. பழக்கத்தைப் பகையைவிட அஞ்ச வேண்டும் என்பது நம் கருத்து.

பழக்கத்தைக் கேள்வி கேட்டவர்களுள் முதன்மையானவர் சான்ஃபோர்டு பெர்மன். ஆப்பிரிக்காவில், சாம்பியப் பல்கலைக்கழக நூலகத்தில் அவர் பணியாற்றியபோது, பட்டியலிலிருந்த ‘காஃபிர்கள்’ என்ற தலைப்பு அவரைத் துணுக்குறச் செய்தது. நம்பாதவன் என்பது அச்சொல்லின் அரபு மூலப் பொருள். அவ்வளவோடு நின்றிருந்தால் நமக்கு அது வசையாகவே படாது! ஆனால் தென்னாப்பிரிக்க வெள்ளையர் வாயில் அது கறுப்பரை இழிக்கும் சொல்லாயிற்று. அந்த மண்ணில், அந்த மக்களின் பல்கலைக்கழகத்தில், அவர்களைப் பற்றிய நூல்களுக்கு அமெரிக்கப் பட்டியல் தந்த பெயர் அது. பெர்மன் பட்டியல் முழுவதையும் துருவினார். 1971இல் ‘தப்பெண்ணங்களும் வெறுப்புகளும்’ என்று பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். 225 தலைப்புகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் குற்றம் என்ன, மாற்று என்ன என்று வரிசைப்படுத்தியது அந்நூல். அது வெறும் கண்டனமன்று; மாற்றுச் சொல்லையும் கையோடு கொண்டுவந்த கண்டனம். பின்னர் 1973 முதல் 1999 வரை மின்னசோட்டாவின் ஹென்னப்பின் மாவட்ட நூலகத்தில் பணியாற்றியபோது, தம் மாற்றுகளை அட்டையிலேயே எழுதிக் காட்டினார்.

விளைந்ததென்ன? 2005இல் ஸ்டீவன் நோல்டன் என்பார் கணக்கெடுத்தார். பெர்மன் சுட்டியவற்றுள் நூற்றுக்கு 39 ஏறக்குறைய அவர் கேட்டபடியே மாறியிருந்தன. 24 ஓரளவுக்கு மாறியிருந்தன. 36 அசையாமல் நின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படியே! மாறியவற்றைப் பார்த்து மகிழ்வதா, மாறாதவற்றைப் பார்த்து வருந்துவதா என்பது அவரவர் இயல்பு. ஒன்று மட்டும் திண்ணம்: பட்டியல் மேலிருந்து அருளப்பட்டதன்று. கேட்டால் மாறுகிறது. கேட்காவிட்டால் மாறுவதில்லை.

பெண்களைப் பற்றி அப்பழைய பட்டியல் எழுதியிருந்த விதம் தனிச் சிரிப்புக்குரியது. ‘பெண்கள், மருத்துவர்களாக’, ‘பெண்கள், கணக்கர்களாக’ என்றெல்லாம் தலைப்பு. ஏதோ நாடகத்தில் பெண் வேடம் கட்டிக்கொண்டு மருத்துவராக நடித்ததைப் போல! ஆண் மருத்துவருக்கு அப்படி ஒரு தலைப்பும் இல்லை. மருத்துவர் என்றாலே ஆண் என்பது பட்டியலின் முடிபு.

சொல்தானே, எதில் எழுதினால் என்ன என்று கேட்பவர்க்கு டல்சா நகரத்தைக் காட்டுவோம். 1921 மே 31, சூன் 1 ஆகிய நாட்களில், ஓக்லகாமா மாநிலத்து டல்சாவில், செல்வச் செழிப்போடு கறுப்பர் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியில் வெள்ளையர் கூட்டம் புகுந்து கொன்றது. ஏறத்தாழ 35 தெருக்கட்டங்கள் எரிந்தன. அதற்குச் சூட்டிய பெயர் ‘இனக் கலவரம்’. கலவரம் என்றால் இரு தரப்பும் அடித்துக்கொண்டன என்று பொருள்படுமல்லவா? காப்பீட்டு நிறுவனங்கள் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டன. கலவரத்தால் நேர்ந்த இழப்புக்கு ஈடு இல்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி; ஆகவே வீடிழந்தவர்க்குக் காசில்லை. வழக்கு ஒன்று மாநில உச்சநீதிமன்றம் வரை சென்று, 1926இல் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சார்பாகவே முடிந்தது. ஒரு சொல் ஊரார் வீட்டுக் கூரையை இரண்டாம் முறை எரித்தது. நூலகப் பட்டியலிலும் அது கலவரமாகவே இருந்து, 2021இல்தான் படுகொலை என்று திருத்தப்பட்டது. கிரீன்வுட்டின் வரலாற்றைத் தோண்டியெடுத்தவர்கள் அது கொலை என்று எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்கள். துறை வல்லவரின் சொல்லுக்கும் அட்டையின் சொல்லுக்கும் இடையே நின்ற இடைவெளி அது.

மாற்றம் எவ்வளவு கடினம் என்பதற்கு இன்னொன்று. ‘சட்டவிரோத அயலார்’ என்ற தலைப்பை நீக்கக் கோரி 2014இல் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் இயக்கம் தொடங்கினார்கள். மனிதன் ஒருவன் எப்படிச் சட்டவிரோதம் ஆவான் என்பது அவர்கள் கேள்வி. 2016இல் காங்கிரஸ் நூலகம் இசைந்தது. உடனே பாராளுமன்றத்தின் கீழவையில் எதிர்ப்பு மூண்டது. நூலகத் தலைப்பொன்று நிதி மசோதாவுக்குள் புகுந்தது! 2021 நவம்பரில்தான் அந்தத் தலைப்பு ஒருவாறு இறங்கியது. மாணவர்கள் தொடங்கினார்கள் என்பதை நம் இளைஞர்கள் கருத்தில் கொள்க.

இவ்வளவும் கேட்டபின், பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு ஒவ்வொரு நூலுக்கும் அத்துறை வல்லவரே சொல் தரட்டும் என்று சொல்லத் தோன்றும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. நம் இயக்கத்தின் படிப்பகங்களை எண்ணிப் பாருங்கள். அங்கே அட்டையும் இல்லை, எண்ணும் இல்லை. பொறுப்பாளராக இருக்கும் தோழர் எல்லா நூலையும் படித்தவர். வந்தவன் முகத்தைப் பார்த்தே எந்த நூலைக் கொடுக்க வேண்டும் என்று அறிந்தவர். ஆனால் அவர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போன நாளில் என்ன ஆகும்? படிப்பகம் திறந்திருந்தும் பூட்டியதாகும்.

தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களைப் பற்றிய நூல்களை ஒருவன் தேடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வல்லுநர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்று எழுதியிருப்பார். காந்தியார் வழி வந்தவர் அரிசனம் என்றிருப்பார். அரசு அலுவலர் பட்டியல் சாதியினர் என்பார். 1922இல் எம். சி. இராசாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு ஏற்ற ஆதி திராவிடர் என்ற பெயரை ஒருவர் எழுதியிருப்பார். இன்றைய ஆய்வாளர் தலித் என்பார். அத்தனை பேரும் கற்றவர்கள். அத்தனை சொல்லுக்கும் பின்னே ஒரு வரலாறு உண்டு. ஆனால் ஒரு சொல்லை மட்டும் அறிந்து வந்தவன் கையில் ஐந்தில் ஒரு பங்கு நூல்தான் சிக்கும். எஞ்சியவை அதே கட்டடத்தில் இருந்தும் அவனுக்கு இல்லாதவையே. பட்டியல் இந்த இடத்தில்தான் தன் பெருமையைக் காட்டுகிறது. ஐந்து சொல்லையும் ஏற்று, ‘இதற்கு அதைக் காண்க’ என்று கை காட்டி, எல்லா நூல்களையும் ஒரே வாசலுக்கு அழைத்து வருகிறது. அந்த வாசலின் மேல் எந்தப் பெயர் என்பதுதான் சண்டை. காங்கிரஸ் நூலகம் முன்பு ‘தீண்டத்தகாதார்’ என்று எழுதியிருந்தது. இன்று ‘தலித்துகள்’ என்று எழுதுகிறது. பழைய சொல்லைத் தேடி வருபவனுக்கும் வழி காட்டுகிறது. வாசலை இடிக்காமல் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். அது நல்ல வேலை.

வல்லுநர் என்றாலே நடுநிலையாளர் என்று கொள்வதும் மயக்கம். ஒருபாலீர்ப்புப் பற்றிய நூல்களைப் பட்டியல் ஒரு காலத்தில் பாலியல் திரிபோடு பிணைத்துக் காட்டியது. யாரைக் கேட்டு அப்படி எழுதினார்கள்? வல்லுநர்களைக் கேட்டுத்தான்! 1973 வரை அமெரிக்க உளமருத்துவர் சங்கமே அதை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. ஒரே நூலைப் பயிற்சி பெற்ற இருவரிடம் கொடுத்தால் இருவரும் ஒரே சொற்களைத் தருவதில்லை என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட செய்தி. வல்லுநர் சொன்னார், ஆகவே ஏற்போம் என்பது சாத்திரம் சொன்னது, ஆகவே ஏற்போம் என்பதன் அடுத்த வீடு. போர்ட்டரின் சொல்லை நாம் ஏற்பது அவர் வல்லுநர் என்பதால் அன்று. நூலைத் திறந்து பார்த்து அவர் சொல்லைச் சரிபார்க்க முடிகிறது என்பதால்.

நமக்கு மிக நெருங்கிய நூலொன்றை வைத்து இரண்டையும் உரசிப் பார்ப்போம். பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ பத்துக் கட்டுரைகள். பொதுத் தலைப்புப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் அதற்கு எளிதாகப் போடக்கூடிய தலைப்பு: பெண்கள், இந்தியா, சமூக நிலை. பிழையா? இல்லை. ஆனால் அதே தலைப்பைப் பெண்கள் அடங்கி நடக்க வேண்டும் என்று அறிவுரை கூறும் நூலுக்கும் போடலாம். அடிமைக்கும் விடுதலைக்கும் ஒரே அட்டை! பட்டியல் எதைப் பற்றி என்று சொல்லும்; என்ன சொல்கிறது என்று சொல்லாது.

அதைவிடக் கூர்மையான குறை ஒன்றுண்டு. காங்கிரஸ் நூலகத்தின் விதிப்படி, நூலில் குறைந்தது நூற்றுக்கு இருபது பங்கு இடம் பெற்ற பொருளுக்கே தனித் தலைப்பு தர வேண்டும். அட்டைகள் பெருகிவிடக் கூடாது என்பதால் வைத்த விதி, காரணமில்லாத விதியன்று. ஆனால் கர்ப்பத்தடை பற்றிப் பெரியார் எழுதியது பத்தில் ஒரு கட்டுரை. சொத்துரிமை ஒரு கட்டுரை. விதவையர் நிலைமை ஒரு கட்டுரை. இருபது பங்கை எட்டாததால் இவற்றுள் எதற்கும் தலைப்பு கிடைக்காது. கர்ப்பத்தடை வரலாற்றை ஆராயும் மாணவி பட்டியல் வழியே வந்தால் பெரியாரைக் காண மாட்டாள். பிள்ளைப்பேற்றைக் குறைப்பது பெண்ணின் விடுதலைக்காக என்று, நாட்டின் நலனையோ குடும்பச் செலவையோ முன்னிறுத்தாமல் அவர் வாதிட்டதே அக்கட்டுரையின் தனிச்சிறப்பு. பக்கத்தை எண்ணும் விதிக்கு அது எப்படித் தெரியும்? ஒரு கருத்தின் எடையைப் பக்கக் கணக்கால் நிறுப்பவன் தராசு பிடிக்கத் தெரியாதவன். இங்கே, இந்த ஓரிடத்தில், நூலைப் படித்தவரின் திறவுச்சொல்லுக்கு ஈடு வேறொன்றும் இல்லை.

இனி அட்டையே தேவையில்லை, கணினியில் சொல்லைத் தட்டினால் நூலின் உள்ளேயே தேடித் தருகிறதே என்பார் உண்டு. தட்டிப் பாருங்கள். கற்பு என்று தட்டினால், கற்பைப் போற்றும் நூறு நூல்களுக்கு நடுவே பெரியாரின் கட்டுரையும் வந்து நிற்கும். ஆணாதிக்கம் என்று தட்டினால் அவர் நூல் வராமலே போகலாம்; அவர் எடுத்தாண்ட சொல் ‘ஆண்மை’. பொருள் அங்கே இருக்கிறது, சொல் இல்லை. பொறி எழுத்தைக் காணும். பொருளைக் காண்பதற்கு இன்னும் ஆள் வேண்டும்.

அந்நூலுக்கு நாமே அட்டை எழுதுவதானால் என்ன எழுதுவோம் என்று நண்பர்களோடு அமர்ந்து ஒரு மாலை முயன்றோம். பெண்கள், இந்தியா, சமூக நிலை என்ற பொதுத் தலைப்பை எடுக்கவில்லை. உலகத்து நூலகங்களோடு நம்மைப் பிணைக்கும் கயிறு அது. அதன் கீழே சேர்த்தவை: பெண் விடுதலை, கற்பு, மறுப்பு, மணவிலக்கு உரிமை, மறுமணம், கைம்மை (விதவை என்ற சொல்லிலிருந்தும் வழிகாட்டு), பெண்ணின் சொத்துரிமை, கர்ப்பத்தடை, பெண்ணுரிமை நோக்கில், ஆணாதிக்கம் (நூலில் ‘ஆண்மை’). எட்டில் நிறுத்தினோம். ஒன்பதாவதாக விபசாரம் என்று எழுதலாமா என்பதில் தகராறு. நூலில் உள்ள சொல் அது, கட்டுரையின் தலைப்பே அது, மாற்ற நாம் யார் என்றார் ஒருவர். அச்சொல்லே பெண் மேல் மட்டும் பழி போடுவது, அதைத்தானே பெரியாரும் அக்கட்டுரையில் கேட்கிறார் என்றார் மற்றவர். அந்த வரி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.